மினுக்க முதல் ஒரு கேள்வி

சென்ற இதழில் பம்பர்க் கறள் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கறளைப் பற்றியவை அல்ல. கறளே பிடிக்காத அலுமினியம் ஏன் இப்படி மங்கிப் போகிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். காரின் பக்கத்தில் ஓடும் பீடிங், ஜன்னலைச் சுற்றிய பட்டி, வானின் கூரைக் கம்பி, மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடி எல்லாம் இதில் அடக்கம். சரி, இந்த மாதம் முழுக்க அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். கிளச், கார்பரேற்றர் கேள்விகளுக்கு அடுத்த மாதம் வருகிறேன்.

கே: ஐயா, அப்பப்பாவின் பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலை ஒருவாறு ஓட வைத்துவிட்டோம். பெயின்ற் வேலையும் முடிந்தது. பக்கத்தில் ஓடும் அலுமினியப் பீடிங் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஸ்ரான்லி வீதியில் ஓட்டோசோல் என்ற உலோக மினுக்குப் பசை வாங்கித் தேய்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். பளபளப்பும் வரவில்லை, துணியும் கறுக்கவில்லை. பசை போலியா? (வாசகர், கோப்பாய்)

ப: பசையில் பிழை இல்லை. துணி கறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதற்குள்தான் இருக்கிறது. வெறும் அலுமினியத்தில் மினுக்குப் பசை பட்டால் நாலு இழுவையில் துணி கறுத்துவிடும். கறுக்காவிட்டால் உங்கள் கை இன்னும் உலோகத்தைத் தொடவே இல்லை, மேலே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பீட்டிலின் பக்கப் பீடிங் தொழிற்சாலையிலேயே அனொடைஸ் செய்த அலுமினியம். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன் மேல் ஒட்சைட்டுப் படை ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது சில நனோமீற்றர் தடிப்புத்தான். கந்தக அமிலத் தொட்டியில் போட்டு மின்னோட்டம் விட்டு அந்தப் படையை ஆயிரம் மடங்குக்கு மேல் தடிப்பாக்குவதற்குப் பெயர் அனொடைஸ். அப்படித் தடித்த பிறகும் அது சில மைக்ரோன்தான். தலைமயிர் ஒன்று எழுபது மைக்ரோன் அளவு வரும், ஒப்பிட்டுப் பாருங்கள். படை நல்ல நிலையில் இருந்தால் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், அடியில் இருக்கும் மினுக்கம் அதனூடாகத் தெரியும். உங்கள் காரில் மங்கியிருப்பது அந்தப் படை. அது உலோகத்தை விடப் பல மடங்கு கடினமானது. விடாமல் தேய்த்தால் ஒன்றும் நடக்காது, அல்லது விளிம்புகளில் மட்டும் படை தேய்ந்துபோய் அங்கே ஒரு பளபளப்பு, நடுவிலே ஒரு மங்கல் என்று திட்டுத் திட்டாக நிற்கும். அந்தக் கோலத்தில் வந்த கார்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பழையபடி மங்கலாகவே இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

படை இருக்கிறதா என்று சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. வயறிங் வேலை செய்யும் யாரிடமாவது, மின்சாரம் கடந்தால் சத்தம் போடும் மல்ரிமீற்றர் ஒன்றை வாங்குங்கள். இரண்டு முனைகளையும் பீடிங்கின் மேல் மெதுவாக, அழுத்தாமல் வையுங்கள். அனொடைஸ் மின்சாரத்தைக் கடத்தாது, மீற்றர் பேசாமல் இருக்கும். வெறும் அலுமினியம் என்றால் உடனே சத்தம் போடும். தெளிவான வார்னிஷ் பூசியிருந்தாலும் மீற்றர் பேசாது. அதைப் பிரித்தறிய, பஞ்சில் தின்னர் தொட்டு மறைவான ஓரத்தில் வைத்துப் பாருங்கள். வார்னிஷ் என்றால் பெரும்பாலும் பிசுபிசுக்கும். அனொடைஸ் தின்னருக்கு அசையாது.

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் குறைந்த வேலையைச் செய்து பாருங்கள். கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் காணும் சாம்பலில் ஒரு பங்கு அனொடைஸின் பழுது அல்ல, வருடக் கணக்காகக் காய்ந்த தண்ணீரின் சுண்ணாம்புப் படிவும் பழைய மெழுகும்தான். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியைத் துணியில் தொட்டு ஒரு நிமிடம் துடையுங்கள். காயவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பிறகு நல்ல கார் மெழுகு ஒன்று பூசிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பீடிங் பல இத்துடனேயே பார்க்கக்கூடியதாக வந்துவிட்டன. கிழவன் காருக்குக் கொஞ்சம் மங்கல் அழகுதான் என்பது என் கட்சி.

அதிலும் மனம் ஆறாவிட்டால் புதிது போடலாம். பீட்டிலுக்கு இன்றும் வெளிநாட்டில் புதுப் பீடிங் செற் செய்து விற்கிறார்கள். யாரையாவது அனுப்பச் சொன்னால், மரச் சட்டத்தில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். சும்மா கடதாசியில் சுற்றி வந்தால் வரும்போதே மடிந்திருக்கும். மடிந்த பீடிங்கை நேராக்குவது பெரிய தலையிடி.

மூன்றாவது வழி, படையை முழுதாகக் கழற்றிவிட்டு உலோகத்தை மினுக்குவது. கோஸ்டிக் சோடாக் கரைசல் அந்தப் படையைக் கரைக்கும். படை கரைந்த கையோடு அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும், ஐதரசன் வாயுவும் கிளம்பும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். ஆகவே இதை வளவில் வாளி வைத்துச் செய்யும் வேலையாக நான் சொல்லித்தர மாட்டேன். கண்ணாடியும் கையுறையும் போட்டு, பீடிங்கைக் காரிலிருந்து கழற்றி எடுத்து, அனுபவப்பட்ட ஒருவர் செய்ய வேண்டியது. காரில் இருக்கும்போது இந்தத் தண்ணீர் பட்டால் புதுப் பெயின்ற் போய்விடும். ஒரு விஷயம்: படையைக் கழற்றிவிட்டால் அது போனதுதான். அதற்குப் பிறகு அந்தப் பீடிங் உங்கள் மெழுகையும் உங்கள் கையையும் நம்பியே இருக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் முன்பு இருந்ததை விட மோசமாகிவிடும். நல்லாக யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கழற்றுவது என்று முடிவெடுத்தால், ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். துணி சுற்றிய மெல்லிய மரத்துண்டை உள்ளே கொடுத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவிக்க வேண்டும். திருப்பிப் போடும்போது கிளிப் துளைகளில் கொஞ்சம் கிறீஸ் வையுங்கள். அந்தத் துளையில் இறங்கும் தண்ணீர்தான் கதவைக் கறளாக்குவது.

கே: மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த காரில் வெள்ளித் தகடு மாதிரி ஓரங்கள் இருக்கின்றன. அவை மங்கியிருக்கின்றன. குத்துவிளக்கு மினுக்குவது போல் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டால் மகன் கத்துகிறான். நீங்களே சொல்லுங்கள். (வாசகி, வட்டுக்கோட்டை)

ப: அம்மா, இந்த முறை மகன் பக்கம்தான் நியாயம். குத்துவிளக்கு பித்தளை. அதில் பிடிப்பது செம்பின் களிம்பு. புளியின் அமிலம் அதைக் கரைக்கும், சாம்பல் உரசும், விளக்கும் மினுங்கும். அலுமினியத்தின் குணம் வேறு. அது அமிலத்துக்கும் கரையும், காரத்துக்கும் கரையும். அமிலத்தை விடக் காரத்துக்கு இன்னும் வேகமாகக் கரையும். அடுப்புச் சாம்பலில் தண்ணீர் பட்டால் வருவது காரம். பற்றாததற்கு அதில் இருக்கும் மணல் கீறிவிடும். பழைய அலுமினியக் குண்டான் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சுத்தமாக இருக்கும், ஆனால் முகம் தெரியாது.

அப்பச்சோடா, சலவைச் சோடா, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தும்பு, பொச்சு, கம்பிப் பஞ்சு எதுவும் வேண்டாம். கம்பிப் பஞ்சில் இன்னொரு சிக்கல், அதன் இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் குத்தி நின்று பிறகு கறள் புள்ளியாகத் தெரியும். அப்பாவின் பழைய பருத்திப் பனியனும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும். புளியை மீன் குழம்புக்கு வையுங்கள்.

கே: புங்குடுதீவில் இருந்து தினமும் யாழ்ப்பாணத்துக்கு ஆட்கள் ஏற்றும் வான். மேலே அலுமினியக் கூரைக் கம்பி. திருகாணி இருக்கும் இடமெல்லாம் வெள்ளை மாப் போல் பொங்கி வருகிறது. சுரண்டிவிட்டால் கீழே குழி. கம்பி நல்லாக இருக்கிறது, திருகாணிகளைச் சுற்றி மட்டும் ஏன்? (வாசகர், புங்குடுதீவு)

ப: உங்கள் வான் தாம்போதியில் போகும்போது இரண்டு பக்கமும் கடல். சோளகம் தொடங்கிவிட்டால் கடல் தண்ணீர் தூவானமாக வானில் விழும். அந்த உப்புத் தண்ணீர் திருகாணிக்கும் கம்பிக்கும் இடையில் நிற்கிறது. இரும்பு ஒன்று, அலுமினியம் ஒன்று, நடுவில் உப்புத் தண்ணீர். பற்றறிக்கு வேறு என்ன வேண்டும்? இந்த பற்றறியில் தேய்ந்து போகிறவர் அலுமினியம். இரும்பு அவருடைய செலவில் தப்பித்துக்கொள்ளும். நீங்கள் காணும் வெள்ளை மா கரைந்துபோன அலுமினியத்தின் ஐதரொட்சைட்டு.

உப்பில் இருக்கும் குளோரைட்டு இன்னொரு வேலையும் செய்யும். ஒட்சைட்டுப் படையில் எங்காவது பலவீனமான ஓர் இடத்தைப் பிடித்து அங்கேயே துளைத்துக்கொண்டு இறங்கும். அதனால்தான் மற்ற இடம் நல்லாக இருக்க, குழி மட்டும் ஆழமாகிறது. மினுக்கி மேலே பளபளப்பு வரவைத்தால் குழி இன்னும் எடுப்பாகத் தெரியுமே தவிர மறையாது.

செய்ய வேண்டியது இதுதான். கம்பியைக் கழற்றுங்கள். வெள்ளையைப் பித்தளைத் தூரிகையால் அல்ல, நைலோன் தூரிகையால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். குழிகளை 400 இலக்க வோட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) தேய்த்து எடுங்கள், அடியில் வெள்ளை மிச்சம் இருக்கக் கூடாது. திருப்பிப் பூட்டும்போது பழைய இரும்புத் திருகாணிகளை எறிந்துவிட்டு ஸ்ரெயின்லெஸ் போடுங்கள். அதுவும் வேறு உலோகம்தான், ஆகவே தலைக்கு அடியில் நைலோன் வாஷர், புரியில் கிறீஸ். இரண்டு உலோகமும் நேராகத் தொடக் கூடாது, இடையில் தண்ணீர் நிற்கக் கூடாது. வாஷர், கிறீஸ் இரண்டும் அதற்குத்தான்.

லாண்ட் றோவர் வைத்திருக்கும் அன்பர்களும் இதை வாசிக்க வேண்டும். 1948 இல் அந்த வாகனம் வந்தபோது இங்கிலாந்தில் போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு. ஆகவே பொடியை அலுமினியக் கலப்பு உலோகத்தில் செய்தார்கள், சட்டத்தை உருக்கில் செய்தார்கள். லாண்ட் றோவரில் அலுமினியம் பழுதாகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான். நடுப்பகுதி அறுபது வருடமானாலும் அப்படியே நிற்கும்.

மற்றது, வீட்டுக் கிணறு உவர் என்றால் அதில் வானைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. மழைத் தண்ணீரைப் பீலியில் பிடித்து பரலில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பியதும் கூரைக் கம்பிக்கு ஒரு வாளி ஊற்றினால் போதும், தேய்க்கவும் வேண்டாம்.

கே: என்னுடைய மொரிஸ் மைனரின் பம்பர் அலுமினியமா? (வாசகர், நல்லூர்)

ப: இல்லை. இரும்பு, மேலே குரோம். காந்தம் வைத்துப் பாருங்கள், பிடிக்கும். சில்லு மூடியும் அப்படித்தான். குரோம் பம்பரில் செம்புள்ளிகள் இருந்தால், சமையலுக்கு வைக்கும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமை விட மென்மையானது, கீறாது, கறள் போகும். காந்தம் பிடிக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் அலுமினியம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வார்ப்பு நாகத்தின் மேல் குரோம் பூசிய பழைய கைபிடிகளும் சின்னங்களும் உண்டு. அவையும் காந்தத்துக்கு வராது, ஆனால் கையில் எடுத்தால் பாரமாக இருக்கும். பழசானால் மேற்பரப்பில் பரு எழும்பும். இப்போது வரும் கார்களில் மினுங்குவதில் பாதி பிளாஸ்ரிக். விரல் நகத்தால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும்.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் கார்களின் பின் பம்பர் எந்த நேரமும் கரி பிடித்திருக்கும். அந்தக் கரியோடு தப்பிய பம்பர்கள்தான் இன்று கல்யாண ஊர்வலத்தில் மினுங்குகின்றன. இரும்பு அவ்வளவு சுலபத்தில் சாகாது.

கே: புதிதாக எடுத்த ஜேர்மன் கார். ஜன்னலைச் சுற்றியுள்ள வெள்ளிப் பட்டி ஒரு வருடத்துக்குள் பால் சிந்தியது போல் ஆகிவிட்டது. கழுவும் இடத்தில் ஒவ்வொரு கிழமையும் கழுவுகிறோம். எங்கே பிழை? (வாசகர், உரும்பிராய்)

ப: பெரும்பாலும் கழுவும் இடத்தில்தான். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். வண்டி சேறும் எண்ணெயும் விட்டுப் போக வேண்டும் என்று கடுங்காரத் திரவத்தை அடிக்கிறார்கள். சில்லுக்கு அமிலத் திரவம் ஒன்று அடிக்கிறார்கள், அது மேலேயும் தெறிக்கிறது. வெயிலில் சூடாக நிற்கும் காரில் அது அரை மணி நேரம் காய்ந்தால் வேறு என்ன நடக்கும்? அனொடைஸ் படைக்கு அமிலமும் பிடிக்காது, காரமும் பிடிக்காது. நடுநிலைக்கு அண்மையில் இருக்கும் சவர்க்காரம்தான் அதற்கு ஏற்றது. ஐரோப்பாவிலும் இயந்திரக் கழுவலில் அடிக்கும் காரத்தால் இதே பால் வெள்ளை வருகிறது. உங்களுடைய காருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பக்கத்தில் வீடு கட்டுகிறார்களா? சீமெந்துத் தூளும் மழையும் சேர்ந்தால் அது கடுங்காரம். பூச்சு வேலை நடக்கும் வளவுக்குள் கார் நின்றால், தெறித்த சீமெந்தைக் காயும் முன் கழுவிவிட வேண்டும். காய்ந்த பிறகு சுரண்டி எடுத்தால் அதன் அடையாளம் பட்டியில் நிரந்தரமாக நிற்கும். சுவருக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்புக்கும் இதே விதி.

பால் வெள்ளை மெல்லியதாக இருந்தால், அனொடைஸ் அலுமினியத்துக்கென்றே விற்கும் மென்மையான பசையால் போகும். சாதாரண உலோகப் பசை வேண்டாம். சுற்றிவர மாஸ்கிங் ரேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், இல்லாவிட்டால் றப்பர் ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் படை அரித்துவிட்டது. அதற்குப் பட்டியை மாற்றுவது ஒன்று, இல்லையென்றால் கறுப்பு வைனில் ஒட்டி மறைப்பது. இளைஞர்கள் நல்ல பட்டியையே கறுப்பாக்கிக்கொண்டு திரிகிறார்கள், உங்களுக்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

கே: ஹொண்டா சிடி 125 வாங்கியிருக்கிறேன், பழையது. எஞ்சின் பக்க மூடிகள் மஞ்சள் அடித்து, உள்ளே புழு ஓடியது மாதிரி வெள்ளைக் கோடுகள். கிறைண்டரில் பஃபிங் சில்லு (மினுக்கும் துணிச் சில்லு) பூட்டி அடிக்கலாம் என்கிறான் சிநேகிதன். (வாசகர், சாவகச்சேரி)

ப: தம்பி, சிநேகிதனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். அந்த மூடிகளில் தெளிவான வார்னிஷ் பூசியிருக்கிறது. மஞ்சள் அடித்தது அந்த வார்னிஷ். எங்கோ ஒரு கீறலால் ஈரமும் உப்பும் உள்ளே போய் வார்னிஷுக்கு அடியில் அரித்துக்கொண்டு ஓடியதுதான் அந்தப் புழுக் கோடு. மேலே என்ன பூசினாலும் போகாது. பெயின்ற் றிமூவர் பூசி வார்னிஷை முழுக்க எடுத்தால்தான் வேலை தொடங்கும்.

வார்னிஷ் போன பிறகு நீர் வெறும் அலுமினியத்தைக் காண்பீர். இனி வோட்டர் பேப்பர். இலக்கம் கூடக் கூட அது நுண்மையானது. கோடு ஆழம் என்றால் 400 இல் தொடங்கும், இல்லாவிட்டால் 600 போதும். பிறகு 1000, 1500, 2000. தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டுத் தேயும். இதில் அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் விடும் பிழை ஒன்று: முந்தின பேப்பரின் கீறல் மறைய முதல் அடுத்ததுக்குப் போவது. 600 இன் கீறலை 2000 எடுக்காது, பசை சுத்தமாக எடுக்காது. மினுக்கி முடித்து வெயிலில் பிடித்துப் பார்க்கும்போதுதான் அது பல்லைக் காட்டும். ஒவ்வொரு பேப்பருக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் பழைய கீறல் குறுக்காகத் தெரியும். அது மறைந்தால் அடுத்ததுக்குப் போகலாம். நீளமான பீடிங்குக்கு இந்த முறை சரிவராது, அதில் நீளவாக்கில்தான் போக வேண்டும். மூடிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

2000 முடிந்ததும் பருத்தித் துணியில் ஓட்டோசோலைக் கடலையளவு எடுத்துத் தேயும். துணி கறுக்கும், கறுக்க வேண்டும். காய முதல் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் முறை இன்னும் குறைவாகப் போடும். கடைசியில் கொஞ்சம் கோதுமை மாத் தூவி உலர்ந்த துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பசையையும் கரியையும் மா இழுத்துக்கொள்ளும்.

கிறைண்டர் விஷயம். கிறைண்டரின் வேகம் பஃபிங்குக்கு மிகக் கூட. அலுமினியம் சூடாகி இழுபடும், விளிம்பு எழுத்துகள் வழுவழுவென்று கரைந்துபோகும். பென்ச்சில் பூட்டிய பஃபிங் மோட்டார் என்றால் சரி. அதிலும் துண்டைச் சில்லின் கீழ்ப் பாதியில், விளிம்பு சில்லுக்கு எதிர்த்து நிற்காத மாதிரிப் பிடிக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் பறித்து எறியும். மெல்லிய பீடிங் என்றால் ஒரு கணத்தில் பாம்பாய் வளைந்துவிடும். கன்னாதிட்டியில் நகைவேலை செய்பவர்களை ஒருநாள் நின்று பாரும். துண்டு எவ்வளவு சின்னது, பிடி எவ்வளவு நிதானம் என்று தெரியும். கையுறை போட்டுக்கொண்டு பஃபிங் சில்லுக்குக் கிட்டப் போக வேண்டாம், துணி சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி கட்டாயம்.

மினுக்கிய பிறகு திரும்பவும் வார்னிஷ் பூசட்டுமா என்று அடுத்த கடிதம் எழுத முதலே சொல்லிவிடுகிறேன்: என் விருப்பம் இல்லை. மினுக்கிய அலுமினியத்தில் வார்னிஷுக்குப் பிடிப்புக் குறைவு. இன்னொரு கல் தெறித்தால் மறுபடியும் புழு ஓடும். மெழுகு பூசும். எஞ்சின் சூட்டில் மெழுகு சீக்கிரம் போகும் என்பது உண்மைதான், போனால் திரும்பப் பூசுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கே: அலுமினியம் வெள்ளை. பசையும் வெள்ளை. துணி மட்டும் ஏன் கறுக்கிறது? (9ஆம் தர மாணவன், பருத்தித்துறை)

ப: இந்த மாதத்தின் நல்ல கேள்வி உம்முடையதுதான். வழுவழுப்பான பெரிய பரப்பில் விழும் ஒளி அப்படியே திரும்பி வருகிறது, ஆகவே வெள்ளியாகத் தெரிகிறது. அதே உலோகத்தை மிக நுண்ணிய தூளாக்கினால் ஒளி தூள்களுக்கு இடையில் அங்குமிங்கும் பட்டு உள்ளேயே அகப்பட்டுவிடும். திரும்பி வருவது கொஞ்சம்தான், ஆகவே கறுப்பு. துணியில் இருப்பது அழுக்கு என்று நினைத்துத் துணி வெள்ளையாகும் வரை தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முடியவே முடியாத வேலை. காரே தேய்ந்து போனாலும் துணி கறுக்கும்.

உம்முடைய விஞ்ஞான ஆசிரியரிடம் சொல்ல இன்னொன்று. பல மினுக்குப் பசைகளில் உரசும் தூள் அலுமினிய ஒட்சைட்டு. அலுமினியத்தை மினுக்குவது அதன் சொந்த ஒட்சைட்டு! அதே ஒட்சைட்டு பளிங்காக, இரும்பும் தைத்தானியமும் கொஞ்சம் கலந்து வந்தால் இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல். குரோமியம் கலந்தால் சிவப்புக்கல். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசை. அனொடைஸ் படை கைக்கு அசையாததன் காரணமும் இதுவே.

கே: நாங்கள் கனடாவில். கார் சுன்னாகம் வீட்டுக் கராஜில் அடுத்த ஆவணி வரை நிற்கும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிவிட்டு வரலாமா? (வாசகர், ஸ்காபரோ)

ப: வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கினால் பொலித்தீனுக்குள் வியர்க்கும், அந்த ஈரம் போக வழி இல்லை. நன்றாகக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பீடிங் எல்லாவற்றுக்கும் மெழுகைத் தாராளமாகப் பூசித் துடைக்காமல் விட்டுவிடுங்கள். மேலே பருத்தித் துணி. கராஜில் பசளைப் பை, சீமெந்துப் பை, குளோரின் ரின் எதுவும் இருந்தால் வேறிடத்துக்கு மாற்றுங்கள். அங்கே குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பைப் பார்த்தவர் நீங்கள். இங்கே அதைக் காற்றே கொண்டுவந்து கொட்டும்.

கே: நாளை மறுநாள் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் காரின் பீடிங் மங்கல். உடனடியாக ஏதாவது? (வாசகர், மானிப்பாய்)

ப: இதழ் உங்கள் கைக்கு வரும்போது கல்யாணம் முடிந்திருக்கும், ஆனாலும் அடுத்த கல்யாணத்துக்காகச் சொல்கிறேன். இரண்டு நாளில் வோட்டர் பேப்பரைத் தொடவே வேண்டாம், பாதியில் நின்றால் படத்தில் அதுதான் தெரியும். கழுவி, காயவிட்டு, மெழுகு போடுங்கள். மெழுகின் ஈரப்பளபளப்பு ஒரு நாளைக்குத் தாங்கும். பூ அலங்காரம் செய்ய வருகிறவர்களிடம் பீடிங்கில் கம்பி சுற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஞ்சு நூல் என்றால் கீறாது. செலோரேப் ஒட்டினால் அன்று இரவே கழற்றுங்கள். ஒரு வெயில் பட்டால் கோந்து பிடித்துவிடும். பிடித்துவிட்டால் சுரண்டாமல் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிடலாம்.